மொத்த நிகழ்தகவு 1 என்று வந்துவிட்டால் போதுமா?

குவாண்டம் அமைப்பு ஒன்று காலத்தோடு எப்படி மாறும் என்பதை ஷ்ரோடிங்கர் 1926-இல் ஒரே வரியில் எழுதிவிட்டார். தாளில் அந்த வரியை முழுதாகத் தீர்க்க முடிகிற கணக்குகள்தான் குறைவு: தடையில்லாமல் ஓடும் துகள், சீரிசை அலையியற்றி, இரண்டே நிலைகள் உள்ள அமைப்பு, இன்னும் சில. மற்றதெல்லாம் கணினி வேலை. எம்.எஸ்சி. இயற்பியலில் ப்ராஜெக்ட் என்று வந்தால், அலைப்பொதி ஒன்றை (ஓரிடத்தில் குவிந்த அலையாக எழுதிய துகளை) ஆற்றல் அரண் மீது மோதவிட்டு எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்ப்பது பலரும் எடுக்கும் தலைப்பு. நிரல் ஓடும், படம் அழகாக வரும், துகள் பெட்டிக்குள் எங்காவது இருக்கும் என்ற மொத்த நிகழ்தகவு 1.000000 என்று திரையில் அச்சாகும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 1 எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், மாறுவது எது? திட்டமான ஆற்றல் கொண்ட நிலையில் அமைப்பு இருந்தால் அதன் கட்டம் மட்டும் சுழலும். அலைச்சார்பின் மதிப்பு ஒரு கலப்பெண், அதை அம்பாக வரைந்தால் அம்பின் கோணம்தான் கட்டம், நீளத்தின் வர்க்கம்தான் நிகழ்தகவு. ஆற்றலை ஹெச்-பாரால் (பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தது) வகுத்தால் வருவது சுழலும் வேகம். துகள் எங்கே இருக்கும் என்ற நிகழ்தகவில் துளி மாற்றமும் இராது. இரண்டு ஆற்றல் நிலைகள் கலந்திருக்கும்போதுதான் வெளியே ஏதாவது நடக்கும், அதன் வேகத்தை முடிவு செய்வது அவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அம்மோனியா மூலக்கூறில் நைட்ரஜன் அணு மூன்று ஹைட்ரஜன்களின் தளத்துக்கு ஒரு பக்கம் இருப்பதாகத் தொடங்கினால், அது மறுபக்கம் போய்த் திரும்பிவர ஏறக்குறைய 42 பிக்கோவிநாடி ஆகும். கீழே இருக்கும் இரண்டு நிலைகளின் வித்தியாசம் சுமார் 24 கிகாஹெர்ட்ஸ், அதன் தலைகீழ்தான் அந்த 42. சீசியம் அணுவின் இரு நிலைகளுக்கு இடையிலான 9,19,26,31,770 ஹெர்ட்ஸை வைத்து 1967-இல் விநாடியையே வரையறுத்தார்கள். ஆகவே காலமாற்றத்தைக் கணக்கிடுவது என்றால் ஒவ்வொரு ஆற்றலுக்கும் உரிய கட்டத்தைச் சரியான வேகத்தில் சுழற்றுவது. எண்முறைகள் தப்பு செய்வதும் இங்கேதான். ஒன்று, சுழற்றும்போதே அம்பின் நீளத்தை மாற்றிவிடும். அல்லது, நீளத்தைக் காப்பாற்றி வேகத்தில் பிசகும். முதல் தப்பை மொத்த நிகழ்தகவு காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைக் காட்டவே காட்டாது.

எண்கள் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை. அணு அலகுகளில் ஒரு எலக்ட்ரானை எடுத்துக்கொள்வோம். இந்த அலகில் ஹெச்-பார் 1, எலக்ட்ரானின் நிறை 1. நீளத்தின் அலகு 0.0529 நானோமீட்டர், காலத்தின் அலகு 24.19 ஆட்டோவிநாடி, ஆற்றலின் அலகு 27.2 எலக்ட்ரான்வோல்ட். எஸ்ஐ அலகில் நேராக நிரல் எழுதினால் 10-இன் மைனஸ் 34 அடுக்கு, மைனஸ் 31 அடுக்கு என்று எண்கள் மோதிக்கொள்ளும், பிழையைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. அதைத் தவிர்ப்பது முதல் வேலை.

இடத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் கிரிட்டில் 2048 புள்ளிகள், இடைவெளி 0.2, ஆகப் பெட்டியின் நீளம் 409.6. மையம் பூஜ்ஜியம், இடது ஓரம் மைனஸ் 204.8. அலைப்பொதி காஸியன் (மணி) வடிவம்: மையம் மைனஸ் 60, இடப்பரவல் 10, அலை எண் 1. ஓர் அலகு நீளத்தில் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அலை எண், இந்த அலகில் அதுவே உந்தமும். வேகம் 1, ஆற்றல் 0.5 அல்லது 13.6 எலக்ட்ரான்வோல்ட். அரண் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, அகலம் 2, உயரம் 0.6. மொத்த ஓட்டம் 120 அலகு, அதாவது 2.9 ஃபெம்டோவிநாடி. அந்த நேரத்தில் ஊடுருவிய பகுதி பிளஸ் 60-ஐ ஒட்டியும் திரும்பிய பகுதி மைனஸ் 60-ஐ ஒட்டியும் நிற்கும், பெட்டியின் ஓரத்தைத் தொட்டிருக்காது. அலை எண் 1 உள்ள சமதள அலைக்கு ஊடுருவல் 34.9 விழுக்காடு என்று பாடநூல் சூத்திரமே சொல்லிவிடும். பொதியில் அலை எண் பரவல் 0.05 மட்டுமே என்பதால் அதற்கும் 35-ஐ ஒட்டியே வர வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கில்தான் நிரலைச் சோதிக்க முடியும்.

காஸியனை எழுதும்போதே ஒரு பொறி இருக்கிறது. பரவல் 10 என்பது நிகழ்தகவின் பரவல். அலைச்சார்பில் அடுக்குக்குறியின் கீழே வர வேண்டியது 4 பெருக்கல் 10-இன் வர்க்கம். பழக்கதோஷத்தில் 4-க்குப் பதில் 2 போட்டால் உண்மையான பரவல் 7.07 ஆகிவிடும். அரண் இல்லாமல் ஓடவிட்டு 120-இல் பரவலை அளந்தால் சரியான விடை 11.66, தப்பான விடை 11.05. சிறியதாகத் தொடங்கிய பொதி வேகமாகப் பரவி எட்டிப்பிடித்துவிடுகிறது. கடைசிப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பரவலைத் தொடக்கத்திலேயே அளந்துவிடுங்கள்.

இனி காலத்தை நகர்த்துவது. காலப்படி 0.02 என்று வைப்போம், மொத்தம் 6000 படி. முதலில் கைக்கு வருவது ஆய்லர் முறை: இப்போதைய மாற்ற வேகத்தைக் காலப்படியால் பெருக்கி, இருப்பதோடு கூட்டு. இதில் ஆற்றல் பெருக்கல் காலப்படி என்ற எண் எவ்வளவோ, அதன் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவுக்கு ஒவ்வொரு படியிலும் நீளம் பெருகும். நம் பொதியின் ஆற்றலுக்கு அந்தப் பெருக்கம் அற்பம், ஆனால் கிரிட்டில் இருப்பது நம் பொதி மட்டுமல்ல. இடைவெளி 0.2 என்றால் கிரிட் தாங்கும் மிகப்பெரிய அலை எண் 15.7, அதன் இயக்க ஆற்றல் 123. அந்த ஆற்றலுக்கு ஒரு படியின் பெருக்கம் 2.66 மடங்கு. எண்களைக் குறிப்பிட்ட இலக்கத்தோடு நிறுத்துவதால் வரும் கணினியின் சுருக்கப் பிழை அங்கே 10-இன் மைனஸ் 16 அடுக்கு அளவில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். படிக்கு 2.66 மடங்கு என்றால் 40 படிக்குள் அது பொதியையே விழுங்கிவிடும். காலப்படியை 20-இல் ஒரு பங்காகக் குறைத்து 0.001 ஆக்கினால்? 4900 படி தாங்கும், காலக்கணக்கில் அது வெறும் 5 அலகு. நமக்கு வேண்டியது 120. இதைப் படியைச் சுருக்கிச் சரிசெய்ய நினைப்பது வீண்.

படியின் தொடக்கத்துக்குப் பதில் முடிவில் உள்ள மாற்ற வேகத்தை எடுக்கும் பின்னோக்கிய ஆய்லர் வெடிக்காது, அதனாலேயே அது இன்னும் ஆபத்து. படம் ஒழுங்காக இருக்கும், பொதி நகரும், மோதும், பிரியும். ஆனால் ஆற்றல் 0.5-க்கு ஒவ்வொரு படியிலும் நிகழ்தகவு 1.0001-ஆல் வகுபடுகிறது. 6000 படி முடிந்தபோது மிச்சம் 55 விழுக்காடு. அதைப் பார்த்தவர் ஒவ்வொரு படியிலும் மறுபடி 1-க்கு இழுத்துவைக்கும் வரி ஒன்றைச் சேர்ப்பார். அந்த வரியை எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். அதிக ஆற்றல் பகுதி வேகமாகவும் குறைந்த ஆற்றல் பகுதி மெதுவாகவும் தேய்ந்துகொண்டிருக்கும்போது மொத்தத்தை மட்டும் உயர்த்தினால், கலவையின் விகிதம் கெட்டது கெட்டதுதான்.

க்ராங்க், நிக்கல்சன் இருவரும் 1947-இல் வெப்பப் பரவலுக்காகக் கொடுத்த முறை இங்கே அழகாகப் பொருந்தும். பாதிப் படி முன்னோக்கி, பாதிப் படி பின்னோக்கி. ஒன்று பெருக்குவதை மற்றொன்று அதே அளவு சுருக்கும், நீளம் துல்லியமாக நிற்கும். கோல்ட்பர்க், ஷே, ஷ்வார்ட்ஸ் மூவரும் 1967-இல் அலைப்பொதி மோதலைக் கணினிப் படச்சுருளாக எடுத்தது இவ்வகை முறையில்தான். இன்றும் பாடநூல்களில் வரும் மோதல் படங்கள் அந்த மரபைச் சேர்ந்தவை. ஒவ்வொரு படியிலும் மூன்று மூலைவிட்டம் மட்டும் உள்ள சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும், 2048 புள்ளிக்கு அது சுலபம். காலத்தின் கட்டப் பிழையும் கவலைப்படும் அளவு இல்லை: ஆற்றல் 0.5-க்கு மொத்த ஓட்டத்தில் 0.0005 ரேடியன். பிசகு வருவது இடத்தின் பக்கம். அக்கம்பக்கப் புள்ளிகளை வைத்து இரண்டாம் வகைக்கெழுவை எடுக்கும்போது அலை எண் 1-க்கு உரிய வேகம் 1 என்பது 0.9933 ஆகிவிடுகிறது. 120 அலகு நேரத்தில் பொதி 0.8 பின்தங்கும். நிகழ்தகவு 1.000000 என்றே இருக்கும். இதுதான் முன்பு சொன்ன இரண்டாவது வகைத் தப்பு.

இந்தக் கணக்குக்கு நான் பரிந்துரைப்பது ஸ்பிளிட்-ஆபரேட்டர் முறை. கூலியும் டூக்கியும் 1965-இல் விரைவு ஃபூரியர் மாற்றத்தை (இடத்தில் எழுதிய அலையை அலை எண்களாகப் பிரிக்கும் கணக்கு) பரவலாக்கிய பிறகு, ஃபைட், ஃப்ளெக், ஸ்டைகர் மூவரும் 1982-இல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். நிலை ஆற்றல் இடத்தில் எளியது, இயக்க ஆற்றல் அலை எண்ணில் எளியது. ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் வைத்துச் சுழற்றிவிடலாம். முதலில் இடத்தில் ஒவ்வொரு புள்ளியின் கட்டத்தையும் அங்குள்ள நிலை ஆற்றலுக்கு ஏற்ப அரைப்படி சுழற்று. ஃபூரியர் மாற்றம் செய். ஒவ்வொரு அலை எண்ணின் கட்டத்தையும் அதன் வர்க்கத்தில் பாதிக்கு ஏற்ப முழுப்படி சுழற்று. திரும்ப இடத்துக்கு வந்து மறுபடி அரைப்படி. சுழற்சிக் காரணிகள் மாறாதவை, ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். படிக்கு இரண்டு ஃபூரியர் மாற்றம். சாதாரண லேப்டாப்பில் 6000 படி சில விநாடிகளில் முடியும். நான்காம் வரிசை ருங்கே–குட்டா என்ற இன்னொரு பிரபல முறை இதே வேலைக்குப் படிக்கு எட்டு மாற்றம் கேட்கும், காலப்படியும் ஓர் எல்லையைத் தாண்டினால் வெடிக்கும்.

அரைப்படிகள் எதற்கு என்று கேட்கலாம். இடமும் உந்தமும் வரிசை மாறினால் விடை மாறும் சோடி. முழுப்படி நிலை ஆற்றல், பிறகு முழுப்படி இயக்க ஆற்றல் என்று போட்டால் ஒரு படியின் பிழை காலப்படியின் வர்க்கத்தில் இருக்கும். சமச்சீராகப் பிரித்தால் கனத்துக்கு இறங்கும், கூடுதல் செலவு கிடையாது. அடுத்தடுத்த படிகளின் அரைப்படிகளை ஒன்றாக இணைத்துவிடலாம், ஆனால் உந்தப் பரவலை அச்சிடும் நேரத்தில் கடைசி அரைப்படியை முடித்துவிட்டு அச்சிட வேண்டும். மறந்தால் இடப் படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, உந்தப் படம் மட்டும் தப்பாக வரும்.

இந்த முறை எந்தக் காலப்படியிலும் வெடிப்பதில்லை. படி 0.02-ஆக இருந்தாலும் 2-ஆக இருந்தாலும் நீளம் மாறாது, ஏனென்றால் செய்வதெல்லாம் சுழற்சி. ஆக மொத்த நிகழ்தகவு இங்கே எதையுமே சோதிக்கவில்லை. மிகப்பெரிய ஆற்றல் பெருக்கல் காலப்படி என்ற எண் பை, அதாவது 3.14-க்குள் இருப்பது பாதுகாப்பு. நம் கணக்கில் அது 2.47. படியை 0.05 ஆக்கினால் 6.2 ஆகிவிடும். அப்போது வேகமான கட்டங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மெதுவானவை போல வேடம் போடும், அரண் அவற்றோடு பொய்யான கலப்பை உண்டாக்கலாம்.

தப்புகளை அவற்றின் அறிகுறியால் பிடிக்கலாம். பொதி வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் பதினைந்து மடங்கு வேகத்தில் பாய்ந்து, 10 அலகு நேரத்துக்குள் ஓரத்தைக் கடந்து மறுபக்கம் வந்தால், அலை எண்களின் வரிசை தப்பு. ஃபூரியர் மாற்ற நிரல்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கி நேர் எண்களை முடித்துவிட்டுத்தான் எதிர் எண்களுக்குப் போகும். நீங்கள் மைனஸிலிருந்து பிளஸ் வரை வரிசையாக அடுக்கியிருந்தால் 1 என்ற அலை எண் மைனஸ் 14.7 ஆகிவிடும். பொதி தொடங்கியதும் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போனால், தொடக்க நிலையின் கற்பனைப் பகுதி தொலைந்துவிட்டது: பைதான் மொழியின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy) மெய்யெண் அணிக்குள் கலப்பெண்ணைப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு பாதியை உதறிவிடும், எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? பொதி நகராமல் பரந்து மங்கினால் அடுக்கில் கற்பனை அலகு விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் ஓடவிட்டது வெப்பப் பரவல் சமன்பாடு. வேண்டுமென்றே அப்படிச் செய்து, படிதோறும் 1-க்கு இழுத்துவைத்தால் அமைப்பின் அடிநிலை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலை, கிடைக்கும். கற்பனைக் காலம் என்று சொல்லும் உத்தி அது. மறுபடி 1-க்கு இழுக்கும் வரி நியாயமாக இருக்கக்கூடிய இடமும் அதுதான்.

எல்லாவற்றிலும் கள்ளத்தனமானது அரணின் விளிம்பு. பூஜ்ஜியம் முதல் 2 வரை என்று எழுதும்போது இரு முனையையும் சேர்த்துக்கொண்டால் 11 புள்ளிகள் உள்ளே வரும். ஒவ்வொரு புள்ளியும் 0.2 அகலத்துக்குப் பொறுப்பு, ஆக அரண் 2.2 அகலம். ஊடுருவல் 34.9-லிருந்து 29.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரு சமக்குறி 5 விழுக்காட்டைத் தின்கிறது. ஒரு முனையை விட்டுவிட்டாலும் நிம்மதி இல்லை: மைனஸ் 204.8-உடன் 0.2-ஐப் பலமுறை கூட்டி வரும் எண் துல்லியமாக 2 ஆக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, 1.9999999 என்று வந்தால் அந்தப் புள்ளி உள்ளே நுழைந்துவிடும். இடத்தை ஒப்பிடாமல் புள்ளியின் வரிசை எண்ணை வைத்து 1024 முதல் 1033 வரை என்று பத்துப் புள்ளிகளைக் குறிப்பிடுங்கள். நான் 400 நீளம் என்று அழகான எண்ணை வைக்காமல் 409.6 எடுத்ததும் இதற்காகத்தான். 400-ஐ 2048-ஆல் வகுத்தால் இடைவெளி 0.1953, அகலம் 2 அதில் எப்படியும் உட்காராது: பத்துப் புள்ளி வைத்தால் 36 விழுக்காடு, பதினொன்று வைத்தால் 31. காலப்படியைப் பத்து மடங்கு குறைத்தாலும் இந்தப் பிழை அசையாது.

ஓட்டம் நீளும்போது ஓரங்கள் தொல்லை தரும். ஃபூரியர் முறையில் பெட்டியின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒன்றே. வெளியே போன பொதி பின்வாசல் வழியாக வந்து மறுபடி மோதும். அதைத் தடுக்க ஓரத்தில் உறிஞ்சும் பகுதி வைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஓரத்தில் 1-க்குக் குறைந்த எண்ணால் பெருக்கும் முகமூடி முறை எளியது, ஆனால் காலப்படியைப் பாதியாக்கினால் பெருக்கல் இரு மடங்கு தடவை நடக்கும், உறிஞ்சலும் இரு மடங்காகும். படியை மாற்றி விடையை ஒப்பிடும் சோதனையே பாழ். நிலை ஆற்றலில் எதிர்க் கற்பனைப் பகுதியைச் சேர்ப்பது அந்தக் குறை இல்லாதது. இரண்டிலுமே மெதுவாக வரும், அலைநீளம் நீண்ட பகுதிகள் உறிஞ்சப்படாமல் திரும்பும். உறிஞ்சும் பகுதி வரவிருக்கும் மிக நீண்ட அலைநீளத்தை விடவாவது அகலமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எதை நம்புவது? காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டுத் தொடக்கத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது கவர்ச்சியான சோதனை, ஆனால் பயன் குறைவு. ஸ்பிளிட்-ஆபரேட்டரும் க்ராங்க்–நிக்கல்சனும் கட்டமைப்பிலேயே மீளக்கூடியவை, தப்பான அரணோடும் மீளும். சராசரி ஆற்றலைப் பாருங்கள்: மோதும்போது சற்று அசையும், காலப்படியைப் பாதியாக்கினால் அந்த அசைவு கால் பங்கை நோக்கி இறங்க வேண்டும். கூரிய விளிம்புள்ள அரணில் அந்த விகிதம் கொஞ்சம் கெடும், வழவழப்பான அரண் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். காலப்படி, கிரிட் இடைவெளி, பெட்டியின் நீளம் மூன்றையும் தனித்தனியே மாற்றி ஊடுருவல் மூன்றாம் இலக்கம் வரை நிற்கிறதா என்று பாருங்கள். அரணை எடுத்துவிட்டு 11.66 வருகிறதா என்பதும், சீரிசை அலையியற்றியில் நகர்த்தி வைத்த அடிநிலை ஒரு முழுச் சுற்றில் அப்படியே திரும்புகிறதா என்பதும் அரை மணி நேர வேலை.

நிலை ஆற்றலே காலத்தோடு மாறினால், லேசர் துடிப்பு போல, படியின் தொடக்க நேரத்து மதிப்பை எடுக்காமல் நடு நேரத்து மதிப்பை எடுக்க வேண்டும். தொடக்க மதிப்பை எடுத்தால் சமச்சீர்ப் பிரிப்பால் கிடைத்த துல்லியம் போய்விடும். காலத்தோடு மாறாத ஹாமில்டோனியனுக்கு (இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்த மொத்த ஆற்றல் செயலி) இன்னொரு வழியும் உண்டு. டல்-எசரும் காஸ்லாஃபும் 1984-இல் கொடுத்த செபிஷேவ் விரிவு (செபிஷேவ் பல்லுறுப்புக் கோவைகளின் நீண்ட கூட்டல்) 120 அலகையும் ஒரே தாவலில் கடக்கும். தேவைப்படும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆற்றல் வீச்சையும் காலத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் வருவதைவிடச் சற்று அதிகம். நமக்கு 124 பெருக்கல் 120-இன் பாதி, சுமார் 7440. ஸ்பிளிட் முறையின் 6000 படியோடு ஒப்பிட்டால் வேலை ஏறக்குறைய அதே, துல்லியமோ கணினியின் கடைசி இலக்கம் வரை. ஆற்றல் வீச்சைக் குறைத்து மதிப்பிட்டால் மட்டும் ஆய்லரைவிட மோசமாக வெடிக்கும். நடுவில் என்ன நடந்தது என்று படம் வேண்டியவருக்கு இது ஒத்துவராது.

ஒரு பரிமாணத்தில் இதெல்லாம் வெறும் 32 கிலோபைட் நினைவகத்தில் நடக்கிறது. மூன்று பரிமாணத்தில் அதே கிரிட் 137 கிகாபைட் கேட்கும். இரண்டு எலக்ட்ரான் என்றால் ஆறு பரிமாணம், பக்கத்துக்கு 64 புள்ளி என்று கஞ்சத்தனம் காட்டினாலும் 1.1 டெராபைட். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டுகளின் அலைச்சார்பை முழுதாக வைக்க 30-க்கு 17 கிகாபைட், 50-க்கு 18 பெட்டாபைட். இந்தச் சுவரைத் தாண்டத்தான் ஒரு குவாண்டம் அமைப்பை இன்னொரு குவாண்டம் அமைப்பால் நகல் செய்யலாம் என்ற எண்ணம் வந்தது. லாயிட் 1996-இல் காட்டிய வழி இதே பிரிப்புதான்: ஹாமில்டோனியனைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் சில கேட்டுகளால் (கியூபிட்டுகள் மீது செய்யும் அடிப்படைச் செயல்கள்) குறுகிய நேரம் ஓடவிட்டு, திரும்பத் திரும்பச் செய்வது. ட்ராட்டர் படி என்று அதைச் சொல்வார்கள். லேப்டாப்பில் படியைச் சுருக்கினால் நேரம் மட்டும்தான் செலவு. அங்கே ஒவ்வொரு கேட்டும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. படியைப் பெரிதாக்கினால் பிரிப்புப் பிழை, சிறிதாக்கினால் கேட் பிழை, இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடி உட்கார வேண்டும். ஐபிஎம் 2023-இல் 127 கியூபிட் சில்லில் ஐசிங் மாதிரி (காந்தத்தின் எளிய கணித மாதிரி) ஒன்றின் காலமாற்றத்தை 60 அடுக்கு, 2880 இரு-கியூபிட் கேட்டுகள் வரை ஓட்டியது. இரைச்சலை வேண்டுமென்றே கூட்டி அளந்து, இரைச்சலே இல்லாதிருந்தால் என்ன வரும் என்று பின்னோக்கி மதிப்பிட்டுத்தான் விடையை எடுத்தார்கள். வெளியான சில வாரங்களிலேயே சாதாரணக் கணினிகளில் அலைச்சார்பைச் சிறு அணிகளின் வலையாகச் சுருக்கி எழுதும் டென்சர் வலை முறைகளைக் கொண்டு வேறு குழுக்கள் அதே அளவீடுகளைக் கணக்கிட்டுக் காட்டின.